வேர்வை காயாத செல்ஃப் மோட்டார்

துல்மாவைப் பற்றி ஊரில் எல்லோரும் புராணம் பாடி முடித்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க்கில் பாடுகிறார்கள், பள்ளிக்கூட வாசலில் பாடுகிறார்கள், என் வீட்டு அடுப்படியில் என் பெண்டாட்டியே பாடினாள். பாடாமல் மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான். சரி, என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவளைப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அப்புறம் கோம்போ மறைத்துவிட்டான் என்று யாரும் வந்து நிற்கக் கூடாது.

தொசோன்செங்கெல் என்கிற எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருடமாக நான் செல்ஃப் மோட்டார் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் எங்களுக்கு மைனஸ் நாற்பது என்பது பேச்சுக்குக்கூட எடுக்காத சாதாரண விஷயம். அந்தக் குளிரில் எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடக்கும். அதை உலுக்கி எழுப்புகிறவன் செல்ஃப் மோட்டார்தான். சாவியைத் திருப்பினதும் அதன் முதுகில் இருக்கும் சொலினாய்டு ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளும். அது எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். மோட்டார் சுற்றும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பல்சக்கரம் பின்வாங்கிவிடும். மொத்தம் மூன்று வினாடி வேலை. அந்த மூன்று வினாடி சரியாக நடக்கவில்லை என்றால் உங்கள் வண்டி வெறும் இரும்பு.

போனில் சத்தத்தைக் கேட்டே நோய் என்னவென்று சொல்லிவிடுவேன். "டிக்" என்று ஒரு தட்டு தட்டிவிட்டு அடங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் உள்ளே மின்சாரம் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கும். சுத்தியால் முதுகில் இரண்டு தட்டு தட்டிப் பார், எடுத்தால் கார்பன்தான் என்பேன். வீல் என்று கத்திக்கொண்டு சும்மா சுற்றினால் பல்சக்கரம் கவ்வவில்லை. இழுத்து இழுத்துச் சுற்றினால் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் உரசுகிறது. இதெல்லாம் எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் சொல்வான்.

எங்கள் ஊரில் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். இரும்புக்கு வேர்க்கும். வெளிக்குளிரில் கிடந்த மோட்டாரைக் கழற்றி அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்தால் முதலில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு உள்ளும் புறமும் தண்ணீர் சொட்டும். கண்ணாடி போட்ட ஆள் வீட்டுக்குள் வந்ததும் குருடனாக நிற்கிறானே, அதே கதைதான். அந்த வேர்வை முழுக்க அடங்கிக் காயும்வரை மூடக் கூடாது. அடுப்புப் பக்கத்தில் வைத்து, திருப்பித் திருப்பிக் காட்டி, ஒன்றரை மணி நேரம். அவசரப்பட்டு மூடினால் உள்ளே தங்கின ஈரம் வெளியே போனதும் ஐஸாகி ஆர்மேச்சரை அப்படியே பிடித்துக்கொள்ளும். எனக்கு இது தூக்கத்திலும் தெரியும். அதனால்தான் என் கடையில் எப்போதும் டீ இருக்கும், உட்கார பெஞ்சு இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் துல்மா வந்து சேர்ந்தாள். என் கன்டெய்னர் கடையிலிருந்து முந்நூறு தப்படியில், பெட்ரோல் பங்க்குக்கு ஒட்டினாற்போல், ஒரு நீலக் கன்டெய்னர். அவள் அப்பன் ஆடு மேய்த்தவன். ஒரு கடும் பனிக்காலத்தில் மந்தை மொத்தமும் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தது. அவள் புருஷனோடு கொரியாவுக்குப் போனாள். அங்கே பழைய வண்டிகளை உடைக்கிற யார்டில் ஏழு வருடம், செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கழற்றுகிற வேலை. புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் மூன்று பெட்டி நிறையப் பழைய மோட்டார்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினாள். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவப்பட்டவள் என் கடைக்கு எதிரே வந்துதான் பிழைக்க வேண்டுமா?

அவள் தந்திரம் ரொம்பச் சின்னது. கொண்டுவந்த மோட்டார்களைச் சாவகாசமாகப் பிரித்து, கார்பன் மாற்றி, புஷ் மாற்றி, ஒரு நாள் முழுக்க அடுப்போரம் காய வைத்து மூடுவாள். மூடினதை வெளியே ஒரு மரப்பெட்டியில் குளிரிலேயே போட்டு வைப்பாள். உள்ளே வந்தால்தானே வேர்க்கும்? யார் வந்தாலும் பழசைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தயாராக இருப்பதை மாட்டி அனுப்பிவிடுவாள். இருபது நிமிடம். இருபத்திரண்டு வருடமாக எனக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை என்று கேட்காதீர்கள், என் பெண்டாட்டி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

வயிறு எரிந்தது. வேறென்ன சொல்ல? காலையில் அவள் புகைக்குழாயில் என்னுடையதற்கு முன்னால் புகை வந்தால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. டிரைவர்கள் "துல்மா அக்கா, துல்மா அக்கா" என்று அங்கே ஈயாக மொய்ப்பார்கள். ஒருமுறை பங்க்கில் கூட்டத்தில் அவள் காலை மிதித்துவிட்டேன். காலை மிதித்தால் எங்கள் வழக்கப்படி கை குலுக்கித்தானே ஆக வேண்டும்? நீட்டினேன். "பரவால்லண்ணே, கனமான ஆளு நீங்க" என்று சிரித்துக்கொண்டே குலுக்கினாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் கை என் கையைவிடக் காய்த்துப் போயிருந்தது. அது வேறு எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் பெண்டாட்டி நொர்ஜ்மா துல்மாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவாள், பூஸ் என்கிற கறிக்கொழுக்கட்டை வேக வைத்தால் ஒரு தட்டு அங்கே போகும்.

"ஒத்தையில ஒரு புள்ளையை வெச்சுக்கிட்டு இருக்கா. நாலு கொழுக்கட்டை குடுத்தா உனக்கென்ன குறைஞ்சு போச்சு, கிழவா?"

"எல்லாத்தையும் குடு. இந்த வீட்டையும் எழுதிக் குடு. என் கடைச் சாவியையும் கொண்டுபோய்க் குடு."

"அவ வேலையைப் பாத்து நீயும் ஒரு பெட்டி தயார் பண்ணி வையேன்னேன். அதுல என்ன தப்பு?"

"அவகிட்டயிருந்து நான் தொழில் கத்துக்கணுமா? அவ்ளோ பிடிச்சிருந்தா அங்கயே போய்க் குடும்பம் நடத்து!"

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்படி ஒன்றில்லை, இரண்டில்லை, குளிர்காலம் முழுக்க.

நொர்ஜ்மாவுக்குக் கண்புரை. வலது கண் ஏறக்குறைய போய்விட்டது, இடது கண்ணில் பனி மூட்டம். தலைநகரிலிருந்து கண் டாக்டர்கள் வருடத்துக்கு ஒரே தடவை உலியாஸ்தாய் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாள் ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஜனவரி. அதுவரை அந்த இடது கண் தாங்குமா என்று இங்கே நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். கணவாயைத் தாண்டி ஐந்து மணி நேரப் பயணம். சோசரின் டீசல் வேனில் இடம் சொல்லி வைத்தேன், காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாக.

சோசர் ஒருவன்தான் என்னை விட்டுப் போகாத டிரைவர். முந்தின நாள் மதியம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"கோம்போ அண்ணே, ரெண்டு தடவை திருப்பினாத்தான் எடுக்குது. நாளைக்குக் கணவாய் ஏறணும், பாத்துக் குடுங்க."

"கார்பன் தேஞ்சிருக்கும். உக்காரு."

"உக்காரவா?" என்று தலையைச் சொறிந்தான். "சாமான் ஏத்தணும்ணே. தப்பா எடுத்துக்காதீங்க, துல்மா அக்காவா இருந்தா இருபது நிமிஷத்துல..."

அவன் முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை.

"வாட்சைப் பாத்துக்கோடா. இருபத்தஞ்சு நிமிஷத்துல உன் வண்டி கிளம்பலன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

மோட்டாரைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். நொர்ஜ்மா கடை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கெண்டியில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மேஜையில் வைத்ததும் மோட்டார் வெள்ளையாகப் பூத்தது, பிறகு சொட்ட ஆரம்பித்தது. வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். பின்மூடியைத் திறந்து புதுக் கார்பன் வைத்தேன். உள்ளே ஈரம் மினுமினுத்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஊது ஊதினேன், மூடினேன், கொண்டுபோய் மாட்டினேன்.

சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எடுத்தது.

"அண்ணே! இருபத்திரண்டு நிமிஷம்! அக்கா இனிமே கடையை மூட வேண்டியதுதான்!"

நான்கு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவன் பங்க்கில் போய் இதைச் சொல்வான், அது அவள் காதில் விழும் என்று நினைக்க நினைக்க இனித்தது. அன்றைக்கு இரண்டு தட்டு பூஸ் தின்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு நொர்ஜ்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு சோசர் வீட்டுக்குப் போனேன். மைனஸ் முப்பத்தெட்டு. வேனுக்குள் ஏற்கெனவே ஐந்து பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோசர் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தீ காட்டி முடித்து, வண்டியின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டிக். மறுபடி திருப்பினான். டிக். மூன்றாவது தடவை திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"விடுடா, விடு!" என்று கத்துவதற்குள் கீழேயிருந்து எரிந்த வாசனை வந்துவிட்டது. உள்ளே உறைந்து நின்ற மோட்டாருக்கு மின்சாரத்தை விடாமல் கொடுத்தால் எரியாமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டு லாரியில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம். வேனின் சக்கரம் உருளாமல் ஐஸில் வழுக்கிக்கொண்டே போனது. உலியாஸ்தாய் போகிற மற்ற இரண்டு வண்டியும் ஏழு மணிக்கே ஆள் நிரம்பிக் கிளம்பிவிட்டன. என்னிடமோ தயாரான மோட்டார் ஒன்றுகூட இல்லை. வேனுக்குள் நொர்ஜ்மா மடியில் துணிமூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பது இருபது. பத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால் அவள் கண் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

நீலக் கன்டெய்னருக்கு நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா, தெரியவில்லை. கதவைப் பாதி திறந்தேன். திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நின்றேன். அந்த ஒரு கணத்துக்காக என்னை என்ன சொன்னாலும் தகும்.

"யாரு, உள்ள வாங்க. சூடு போவுது."

"செல்ஃப் ஒண்ணு வேணும். சோசர் வண்டிக்கு."

"நேத்துதானே நீங்க பாத்துக் குடுத்தீங்க? இருபத்திரண்டு நிமிஷம்னு பங்க்ல ஒரே பேச்சு."

"அதான் வேணும்னு வந்து நிக்கறேன்ல! இருக்கா, இல்லையா?"

"யாரு போறா வண்டியில?"

"நொர்ஜ்மா. கண்ணு ஆபரேஷன். மூணு மணிக்குள்ள."

கையிலிருந்த டீக்கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மரப்பெட்டியில் இரண்டு மோட்டாரைப் புரட்டி மூன்றாவதை எடுத்தாள். "நீங்க அந்த ஃபெல்ட் கம்பளத்தை எடுத்துக்கங்கண்ணே" என்றாள். எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

பனியில் ஃபெல்ட்டை விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். "சோசரு, பேட்டரி மைனஸைக் கழட்டு முதல்ல" என்றாள். நான் டார்ச் பிடித்தேன். இருபத்திரண்டு வருடம் தொழில் செய்தவன் அவளுக்கு டார்ச் பிடித்தேன். தடித்த கேபிள், மெல்லிய வயர், இரண்டு போல்ட். மேல் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையாது, விரலால்தான் பிடிக்க வேண்டும். கையுறையைக் கழற்றி எறிந்தாள். விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். பிய்த்தெடுத்து, வாயில் வைத்து ஊதி, மறுபடி பிடித்தாள். என்னால் அப்படிச் செய்திருக்க முடியுமா என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரத்திலும், என் பெண்டாட்டி கண் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்திலும், எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது.

பழைய மோட்டாரை மார்பில் தாங்கி இறக்கினாள். சாய்த்தபோது உள்ளேயிருந்து ஐஸ் சில்லுகள் ஃபெல்ட்டில் விழுந்தன. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புறங்கையால் சில்லுகளைப் பனிக்குள் தள்ளிவிட்டுப் புது மோட்டாரை மேலே ஏற்றினாள்.

"என்னக்கா ஆச்சு அதுக்கு? நேத்து ஒரே திருப்புல எடுத்துச்சே" என்று மேலேயிருந்து சோசர் கேட்டான்.

"பேட்டரிப்பா. குளிர்ல இறங்கியிருக்கு. வலு இல்லாத பேட்டரியை வெச்சுக்கிட்டு சாவியைப் பிடிச்சுக்கிட்டே நின்னா எந்த மோட்டாரும் எரியும். அண்ணன் நல்லாத்தான் கட்டியிருக்காரு."

வேனுக்குள் இருந்தவர்கள் "அதானே, கோம்போ வேலை தப்பாகுமா" என்றார்கள். சோசர் தலையைத் தொங்கப்போட்டான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டுமே? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது நிமிடமும் அவளுக்கு, டிரைவர்களும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? இனி சாகும்வரை அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிச்சையை நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

"பேட்டரி இல்ல!" என்று கத்தினேன். "பேட்டரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் வேர்வை காய விடாம மூடிட்டேன். ஈரத்தோட மூடிட்டேன். இவளைவிடச் சீக்கிரம் குடுக்கணும்னு மூடினேன். போதுமா?"

வண்டிக்கு அடியிலிருந்து போல்ட் இறுக்குகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு துல்மா, "மைனஸை மாட்டு, திருப்பு" என்றாள். க்ர்ர் என்று ஒரு சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. மணி ஒன்பது ஐம்பது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த நொர்ஜ்மா என் பக்கம் திரும்பவில்லை. "வண்டியை எடு தம்பி" என்றாள்.

வண்டி போனதும் துல்மா ஃபெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே, "எதுக்குண்ணே கத்துனீங்க? சும்மா விட்டிருந்தா அதோட போயிருக்கும்" என்றாள்.

"உன் தயவு எனக்கு வேணாம்."

"சரி." எரிந்த மோட்டாரைக் காலால் காட்டினாள். "ஆர்மேச்சர் போச்சு, பாடி நல்லாருக்கு. உங்களுக்கா, எனக்கா?"

"நீயே எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விரல் நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

நான் கடையைத் திறந்தேன், அடுப்பு மூட்டவில்லை. ஒரு மணிக்குக் கணவாயை ஏறியிருப்பார்களா, இரண்டு மணிக்கு ஆற்றைத் தாண்டியிருப்பார்களா என்று வாட்சைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. மூன்று மணி தாண்டியது. போன் வரவில்லை. மூன்றரைக்கு, டாக்டர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள் என்று தோன்றியது. என்ன செய்துவிட்டேன், யாரை ஜெயிக்க என்ன செய்துவிட்டேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நடந்தேன். நாலரைக்குப் போன் அடித்தது.

"பண்ணிட்டாங்க" என்றாள் நொர்ஜ்மா. "ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப போய்ச் சேந்தோம். கடைசி ஆளு நான்தான். கட்டுப் போட்டிருக்கு, நாளைக்கு அவுக்கறாங்க."

மூக்கை உறிஞ்சினேன்.

"என்ன கிழவா, அழறியா?"

"காலையில கேட்டல்ல? நான் கத்தினதைக் கேட்டல்ல? ஒரு வார்த்தை என்னைத் திட்டாம போயிட்டியே."

"திட்ட என்ன இருக்கு? எனக்கு நேத்தே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ காய வைக்கலன்னு. எப்பவும் ஒரு மோட்டார் காயறதுக்குள்ள மூணு கெண்டி டீ குடிப்ப. நேத்து முதல் கெண்டியே கொதிக்கல, சோசரு வண்டி கிளம்பற சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கண்ணுதானே தெரியல."

"தெரிஞ்சும் ஏண்டி வாயைத் திறக்கல? உன் கண்ணுடி அது!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"சொல்லியிருந்தா அவளுக்குப் பரிஞ்சு பேசறேன்னு குதிச்சிருப்ப. அப்புறம் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்ப. அதுக்குப் பதிலா இந்தக் கண்ணு போனா போகட்டும்னு தோணிச்சு, கிழவா. சத்தியமா அப்படித்தான் தோணிச்சு. நர்ஸ் கூப்பிடறாங்க, வெச்சிடறேன்."